ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்

அந்த அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பிரியம், மரியாதை எல்லாம் அதற்குப் பின்னால் வரும். என்னோடு படித்தவர்கள், "ஒனக்கு எதுக்குடி கோவம்? ஒன்னத்தான அவங்க செல்லமா வச்சிருந்தாங்க" என்பார்கள். செல்லமாகத்தான் வைத்திருந்தார். அதனால்தான் கோபம். வழியில் போகிறவர்கள் மேல் யாராவது மெனக்கெட்டுக் கோபப்படுவார்களா?

தஞ்சாவூர் டவுனைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பொது மருத்துவத்தில் மேற்படிப்புக்கு நான் அங்கே சேர்ந்தபோது, அக்கா அதே படிப்பை அங்கேயே முடித்து, அங்கேயே வேலையில் இருந்தார். எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளைக் கட்டி மேய்ப்பதும் அவர் பொறுப்பு. ஒல்லியான உருவம், முழங்கை வரை சுருட்டிவிட்ட வெள்ளைக் கோட்டு, தோளில் ஒரு துணிப்பை. பையைத் தோளில் மாட்டினால் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று முதல் நாள் நினைத்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததுமே மாட்டிவிடுவார். கிளம்பத்தான் மாட்டார்.

"கிளம்பலையாக்கா?"

"கிளம்பிட்டேன். ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்."

அவரை நினைத்தாலே என் காதில் கேட்பது இந்த வாசகம்தான். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது அவர் வழக்கம். வெளியே வருவார், ஒரு காலைச் செருப்பில் நுழைப்பார், அப்படியே நிற்பார். முகம் ஒரு மாதிரி ஆகும். காலை உருவிக்கொண்டு திரும்பிப் போவார். காலையில் நாங்கள் கூட்டமாக நின்று பார்த்த அதே நோயாளியின் பக்கத்தில், இப்போது தனியாகப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"காலைலதான் எல்லாத்தையும் கேட்டமே, மறுபடியும் என்ன கேக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்குப் பசி.

"ஒண்ணும் கேக்கறதில்லடி. மொத தடவ நாம கேக்கறதுக்குப் பதில் சொல்றாங்க. ரெண்டாந்தடவ போய்ச் சும்மா ஒக்காந்தா, அவங்களாச் சொல்றாங்க."

அது உண்மையும்கூட. வாந்தியோடு வந்த ஒரு பெரியவர், எங்கள் கேள்வி எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்றே தலையாட்டினார். மருந்து எதுவும் குடிக்கவில்லை, வயலுக்கு மருந்து அடிக்கவில்லை, ஒன்றுமில்லை. அக்கா இரண்டாம் முறை போய் உட்கார்ந்து, அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் எப்போது வந்தது என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: மருந்து அடித்தது மகன், தெளிக்கிற கை டேங்க்கைக் கழுவி வைத்தது மட்டும்தான் இவர். வெறும் கையால் கழுவியிருக்கிறார். அதை வேலை என்றே அவர் நினைக்கவில்லை, பிறகு எப்படிச் சொல்வார்?

இந்தப் போய்வருதலில் அடிபட்டது காபி. அக்கா எந்தக் காபியையும் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதியில் ஏதோ ஞாபகம் வரும், டம்ளரை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஜன்னல் கட்டையில், ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில், ஒருமுறை மாதா சுரூபத்தின் காலடியில்கூட ஆடை படிந்த பாதிக் காபி இருந்தது. கேண்டீன்காரர் சாயங்காலம் ஒரு சுற்று வந்து பொறுக்கிக்கொண்டு போவார். "ஒங்க அக்கா இன்னிக்கு எங்கெங்க போனாங்கன்னு இத வச்சே சொல்லிடுவேன்" என்பார்.

அப்போது அக்காவுக்கு இன்னொரு உலகம் இருந்தது. படிப்பு முடித்துச் சில வருஷங்களே ஆன மருத்துவர்கள் கொஞ்சம் பேர், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, பொது மருத்துவத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று தங்களுக்குள் பேசி ஒரு பயிற்சித் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர்கள் யாருக்கும் இடமில்லை. இளம் மருத்துவர்கள் மட்டும்தான். வாரம் ஒருநாள் திரையில் கூடுவார்கள். எங்களுக்குச் சாயங்கால டீ நேரம், போர்ச்சுகலில் காலை.

அங்கே ஒரு வழக்கம். திரையில் சொந்தப் பெயரும் பட்டமும் போடக்கூடாது, ஊர்ப் பெயர்தான் போட வேண்டும். யார் பெரியவர், யார் சின்னவர் என்ற நினைப்பு வரக்கூடாதாம். அதனால் லிஸ்பன், நைரோபி, காத்மாண்டு, செபு என்று ஊர்கள்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அக்காவுக்கு அங்கே பெயர் தஞ்சாவூர்.

வாரம் ஓர் ஊர், ஆளின் பெயரும் முகமும் தெரியாதபடி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும். பரிசோதனை முடிவுகளைச் சொல்லாது. உன் ஊரில், உன் கையில் இருக்கிற வசதியை வைத்து நீ என்ன செய்வாய் என்று மற்ற ஊர்கள் சொல்ல வேண்டும். அக்கா தன் போனை ஒரு டிரிப்ஸ் ஸ்டாண்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, வார்டை ஒட்டிய சின்ன அறையில் நிறுத்திக்கொள்வார். நாங்கள் இரண்டு மூன்று பேர் பின்னால் நெருக்கியடித்து நிற்போம். வேடிக்கை பார்க்கப் போனவள்தான் நான். போகப்போக அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், தஞ்சாவூரின் முறை. வரப்பில் புல் அறுக்கும் ஒருவர், காய்ச்சல் இறங்காமல் வந்து படுத்திருந்தார். மூச்சு வேறு இரைக்க ஆரம்பித்திருந்தது. உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று எங்களுக்குச் சந்தேகம். அது என்றால் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டோம். இல்லை. அக்கா இதையெல்லாம் சொல்லி முடித்தார். ஒவ்வோர் ஊரும் ஒன்று சொன்னது. எலிக்காய்ச்சல் என்றது ஓர் ஊர், நிமோனியா என்றது இன்னொன்று.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்தார். அத்தனை நாட்டுக்காரர்களையும் பார்த்து, பச்சைத் தமிழில், "ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரையில் எங்கள் முகமும் சுவரில் மாட்டிய சபை காலண்டரும்தான். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராத காலம். "ஷீ வில் கம்" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் காத்திருந்தார்கள். செபு இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடவே ஆரம்பித்துவிட்டார்.

அக்கா திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "இருக்கு. அருணாக்கயித்துக்கு அடில."

நாங்கள் எல்லோரும் அவர் வேட்டியைத் தளர்த்தி இடுப்பைப் பார்த்தவர்கள்தான். கயிற்றை ஒருவரும் நகர்த்தவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அரைஞாண்கயிறு எங்கள் கண்ணுக்கு உடம்போடு சேர்ந்ததாகிவிட்டது. வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்திருந்தால், இதென்ன கயிறு என்று தூக்கிப் பார்த்திருப்பான். நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் மருந்து சாதாரண மாத்திரைதான். சீக்கிரமே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார் மனிதர்.

ஆனால் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான். அரைஞாண்கயிறு என்றால் என்ன என்று அக்கா விளக்கினார். அப்புறம் நைரோபி, எங்கள் பக்கம் சில பெண்கள் இடுப்பில் பாசிமணி கட்டுவார்கள், நாங்களும் அதை நகர்த்துவதில்லை என்றார். காத்மாண்டு கழுத்து மந்திரக் கயிற்றைச் சொன்னார். செபு, உள்சட்டையில் ஊசி குத்தி வைத்திருக்கும் மாதா பதக்கத்தைச் சொன்னார். லிஸ்பன் என்ற அந்தப் பெண்மணி நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாங்கள் நோயாளியின் சாக்ஸைக் கழற்றுவதே இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அன்றைக்கு அவர்கள் திட்டத்தில் ஒரு பாடம் சேர்ந்தது. உன் ஊரில் யாரும் கழற்றாதது எதுவோ, அதை நகர்த்திப் பார். வார்டை விட்டுக் கிளம்பும் முன் தனியாகத் திரும்பிப் போய் ஒருமுறை பார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தஞ்சாவூர்ப் பார்வை. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு, "என்னத்தயோ வச்சுக்கட்டும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பார்வைதான் அவரைக் கட்டிப்போடப் போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் லிஸ்பனிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருஷம் அங்கே வந்து இருக்க வேண்டும். அவர்கள் ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சியை நடத்திப் பார்த்து, மற்ற ஊர்களுக்கும் போய் அமைத்துக் கொடுக்க வேண்டும். அக்காவை விட்டால் அதற்கு வேறு ஆளில்லை என்று எல்லா ஊர்களும் ஒரே குரலில் சொன்னதாம். எங்கள் ஆஸ்பத்திரி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா ஸ்வெட்டர் வாங்கினார். தஞ்சாவூர் வெயிலில் எந்தக் கடையில் ஸ்வெட்டர் தேடிப் பிடித்தாரோ தெரியாது. ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளேயே அவருக்கு ஒரு அறை. அங்கே கதவு ஆணியில் அந்த நீல ஸ்வெட்டர் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுவிட்டுப் போவார்.

"சீஃப் என்ன சொன்னாருக்கா?"

"ரொம்ப சந்தோசப்பட்டாரு. காய்ச்ச சீசன் முடியட்டும்மான்னாரு."

சீஃப் என்பது எங்கள் தலைமை மருத்துவர். கெட்டவர் இல்லை, இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சத்தம் போட மாட்டார், நோயாளிகளை "அய்யா, அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அக்காவின் அப்பா அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் பிறர் தோப்பிலும் வயலிலும் கூலிக்குப் போனவர்கள். மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்த சின்ன வயதிலிருந்து அக்காவுக்குப் படிப்பு, சாப்பாடு, வேலை எல்லாம் மிஷன்தான். மருத்துவப் படிப்புக்குப் போகும்போது சிபாரிசு செய்தது இந்த சீஃப்தான். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

காய்ச்சல் சீசன் முடிந்தது. ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள், முடியட்டும் என்றார். அது முடிந்தது. புது பேட்ச் சேர்ந்திருக்கிறது, பழகட்டும் என்றார். அவர்கள் பழகுவதற்குள் மறுபடியும் மழை வந்தது. ஒவ்வொரு காரணமும் உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல். பொய் என்றால் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம். வார்டில் கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டு நோயாளிகள் படுத்திருக்கும்போது என்னவென்று கேட்பது?

அக்காவைத்தான் திட்டினேன். என் வாய் கொஞ்சம் நீளம்.

"நீங்க ஒரு வாரம் லீவு போடுங்கக்கா. நீங்க இல்லாட்டியும் வார்டு நடக்குதுன்னு அவருக்குத் தெரியட்டும். கட்டடம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது."

"விழுந்துட்டா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லீவு போடவும் செய்தார், ஒரே ஒரு நாள். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. காலை பஸ்ஸில் பட்டுக்கோட்டைக்குப் போனவர், மதியம் பஸ்ஸில் திரும்பி வந்து நிற்கிறார், பட்டுப்புடவையோடு. பந்தி போடும் முன்பே கிளம்பிவிட்டாராம். மூன்றாம் கட்டில் ஆளுக்கு மூச்சுத்திணறல் எப்படி இருக்கிறது என்று மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். போய்ப் பார்த்தார். மூன்றாம் கட்டில்காரர் சாய்ந்து உட்கார்ந்து பேரனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டுப்புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான்டி இருக்காரு."

"அப்ப சந்தோசப்பட வேண்டியதுதான?"

"சந்தோசந்தான். ஆனா நான் இல்லாமயே நல்லாருக்காருன்னு பாத்ததும் எனக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சு."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை சீஃப்தான் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, அதை அக்காவே போட்டுக்கொள்கிறார் என்று அப்போது புரிந்தது. அவர் சிரித்தாலும் எனக்கு அதன்பிறகு முழுசாகச் சிரிக்க வரவில்லை.

லிஸ்பன் காத்திருந்தார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு என்று சொன்னேனே, இளம் மருத்துவர்கள் மட்டும் என்று. படிப்பை முடித்து இத்தனை வருஷம் வரைதான் இளம் மருத்துவர் என்று ஒரு கணக்கு. மழை, ஆய்வு, புது பேட்ச் என்று காத்திருந்ததில் அக்கா அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். ஆஸ்பத்திரியை விட்டு எங்கேயும் போகாமலே அவருடைய இளமை முடிந்துவிட்டது. திரையில் எல்லா ஊர்களும் அவருக்குக் கைதட்டி விடைகொடுத்தன. அந்த அறையில் டிரிப்ஸ் ஸ்டாண்டின் முன்னால் கைகூப்பி நின்றார் அக்கா. எனக்கு அழுகை வந்தது, வெளியே போய்விட்டேன்.

தஞ்சாவூர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் அப்போதுதான் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்திருந்தேன். சீஃப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ண அனுப்பலாமாம்மா? ஒரு வருசந்தான. இவ இல்லாட்டியும் நாம சமாளிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாயங்காலம் வேலை முடிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறவள் நான். நான் இல்லாமல் எல்லோராலும் சமாளிக்க முடியும். அதனால் எனக்கு உலகம் திறந்துவிட்டது. வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் போகல. நீங்க போக வேண்டிய எடம்" என்றேன் அக்காவிடம்.

"லூசு மாதிரி பேசாத. யாராவது ஒருத்தி போகணும்ல? போயிட்டு வந்து எனக்குச் சொல்லு." ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து உதறி, என் தோளில் வைத்து அளவு பார்த்தார். "கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டுக்க."

போனேன். லிஸ்பனில் எல்லோரும் என்னைத் "தஞ்சாவூர்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும், பின்னால் அக்கா நிற்கிறாரோ என்று திரும்பத் தோன்றும். தஞ்சாவூர்ப் பார்வையை அங்கே நான்தான் செய்து காட்டினேன், நான். சாக்ஸைக் கழற்றிக் காட்டினேன், ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்து காட்டினேன். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதோடு தங்கள் பழக்கம் ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். கிளம்பும் மருத்துவர் அந்தக் கடைசிப் பார்வையைத் தனியாகப் பார்ப்பதில்லை. அடுத்து வேலைக்கு வருகிறவரைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறார். இவருக்கு இது, இவரிடம் இதைக் கவனி, இது எனக்கு உறுத்துகிறது என்று சொல்கிறார். முடிந்ததும் வந்தவர், "இனி இவர்கள் என்னுடையவர்கள்" என்கிறார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு முதலாமவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் வீடியோவில் இதைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டை முடித்திருந்தார். பை தோளில் இருந்தது. வார்டை ஒட்டிய அதே அறை, அதே காலண்டர்.

"போனதுக்கப்பறம் போன் பண்ணிக் கேப்பாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"மனசு கேக்குமா?"

"கேக்குது. அதான் இன்னொருத்தங்க எடுத்துக்கிட்டாங்கல்ல."

"தூங்குவாங்களா?"

"நல்லா தூங்குவாங்க. சினிமாவுக்குப் போவாங்க. ஆத்தங்கரைல நடப்பாங்க."

அக்கா ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் முறை "அக்கா" என்று கூப்பிட்டபோது விழித்துக்கொண்டு, "இரு, ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். நான் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு எங்கள் சபை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வந்ததும் நேராக சீஃபிடம் போனேன். சண்டை போடத் தயாராகப் போனேன். இந்த மாதிரி, பொறுப்பைக் கைமாற்றிவிட்டுப் போகிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டும் என்றேன். "நல்ல விசயந்தானம்மா, தாராளமாச் செய்யுங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அக்கா ஒருமுறை கேட்டிருந்தால் இதே பதில்தான் வந்திருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் படியிறங்கி வந்தேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். சாயங்காலம், ஜன்னலில் இன்னும் நல்ல வெயில். அக்கா முன்னால் போக, நான் பின்னால். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று சொன்னார். இவருக்குச் சர்க்கரை இறங்கும், ஆனால் மாமியார் முன்னால் பசிக்கிறது என்று சொல்ல மாட்டார். இந்தம்மா வலியைச் சிரித்துக்கொண்டே சொல்லும், சிரித்தால் கவனி. எட்டாம் கட்டிலில் ஓர் இளைஞன், திருவாரூர்ப் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். அங்கே மட்டும் அதிக நேரம் நின்றார். "ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு உறுத்துது" என்றார்.

கடைசிக் கட்டில் முடிந்தது. நான் சத்தமாகச் சொன்னேன். "இனி இவங்க என்னோடவங்க. நீங்க போங்கக்கா."

அக்கா என்னைப் பார்த்தார், வார்டைப் பார்த்தார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். இரண்டு செருப்பையும் மாட்டினார். போய்விட்டார். நர்ஸ்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால், கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அக்கா. சுற்றிலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஒருத்தரின் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெஞ்சில் பாதிக் காபி. எனக்கு வந்த கோபத்தில் படிகளை இரண்டிரண்டாக இறங்கினேன்.

"போகச் சொன்னேன்ல?"

"போகலாம்னுதான் வந்தேன். ரோட்டுக்கு வந்தப்பறம் எந்தப் பக்கம்னு தெரியல."

பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போய் ஏற்றினேன். "எங்கயாவது போங்க. பெரிய கோயில் புல்வெளில ஒக்காருங்க, படம் பாருங்க, துணி எடுங்க. இருட்டினப்பறம் வந்தாப் போதும்." ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி, "எட்டாம் பெட்டு" என்றார். "பாத்துக்கறேன், போங்க" என்று கத்தினேன். வளைவில் பஸ் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

எட்டாம் கட்டிலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பையன் ஊர்க்கதை பேச ஆரம்பித்திருந்தான். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா நின்றிருந்தார். வேர்த்திருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார்.

நான் எழுந்து போய் வாசலில் குறுக்கே நின்றேன். "என்னக்கா இது?"

"கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து எங்கம்மா போகணும்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாயில வேற எதுவும் வரலடி. ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டேன். அது பின்னாடியே போயிடுச்சேம்மா, எறங்குங்கன்னு எறக்கி விட்டுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நகரவும் இல்லை.

"எட்டாம் பெட்டு இப்ப என்னோடது. நீங்க போங்க."

"சரிடி, போறேன். எங்கன்னு மட்டும் சொல்லு."

நிஜமாகத்தான் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.